அலமேலுவை ஏன் அழைத்துப் போனார்கள்

1

என் தங்கை சரசு காஞ்சிபுரத்திலிருந்து எழுதும் நீலக் கடிதங்களில் முக்கியமான சங்கதி எதுவும் நடுப்பக்கத்தில் இருக்காது. நடுவில் மழை, ரேஷன், கருட சேவைக்கு வந்த கூட்டம். கேட்க நினைத்ததை மட்டும் கோந்து தடவி மடிக்கும் ஓரத்தில் நெருக்கி எழுதுவாள். கிழித்துப் பிரிக்கும்போது அதில் பாதி போய்விடும். இந்த மாதம் பிழைத்து வந்த வரிகள் இவை: “அங்கே பிள்ளையை அடித்தால் சர்க்கார் ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போய் வேறு யார் வீட்டிலோ வளர்க்க விட்டுவிடுவார்களாமே, மெய்யா? பெற்றவள் உயிரோடு இருக்கும்போது அப்படிச் செய்ய எப்படி மனசு வரும்?”

மெய்தான் சரசு. ஆனால் அடித்தால் மட்டும் இல்லை. அடிக்காமலும் நடக்கும். இதற்கெல்லாம் ஓரத்தில் பதில் எழுத முடியாது என்பதால் பத்திரிகைக்கே எழுதுகிறேன். நீயும் படி, உன்னிடம் கேட்டவர்களும் படிக்கட்டும்.

நான் இங்கிலாந்தின் வடக்கே, மழையும் பஞ்சாலைப் புகையும் சேர்ந்து விழும் ஓர் ஊரில், ஆஸ்பத்திரி நர்ஸாக வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. காலை ஆறேகால் பஸ், சாயங்காலம் நாலு மணி பஸ். நடுவில் படுக்கை விரிப்பு, ஊசி, காய்ச்சல் எழுதும் அட்டை. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தால் என் மகனும் மகளும் “வேண்டாம், நன்றி” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். பெற்ற பிள்ளை சோறு வேண்டாம் என்பதற்கு நன்றி வேறு சொல்வதை முதல் தடவை கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. இப்போது பழகிவிட்டது.

இந்த ஊரில் தமிழ் தெரிந்தவர்களை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதனால் தமிழ் மட்டுமே தெரிந்த யாராவது எந்த அலுவலகத்தில் மாட்டினாலும் எனக்கு ஆள் வரும். அப்படித்தான் ருக்குவின் வீட்டுக்குப் போனேன். அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் பங்கையும் சேர்த்து எழுதினால் எழுது என்றாள்.

2

முதலில், இந்த ஏற்பாடு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நகரசபையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி இலாகா இருக்கிறது. ஒரு பிள்ளை தன் வீட்டில் இருப்பது அதற்கு நல்லதில்லை என்று அவர்களுக்குப் பட்டால், கோர்ட்டில் உத்தரவு வாங்கி, வேறொரு குடும்பத்தில் கொண்டுபோய் விடுவார்கள். இது அநாதை ஆசிரமம் இல்லை, சுவீகாரமும் இல்லை. பெற்றவர்கள் பெற்றவர்களாகவே இருப்பார்கள். குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் மட்டும் வேறொருத்தி. நிலைமை சரியானால் பிள்ளை திரும்பி வரும். சரியாகாவிட்டால் அங்கேயே வளரும்.

ஏன் கொண்டுபோகிறீர்கள் என்று அந்த இலாகாவின் அதிகாரி மிஸ் ஹார்ட்லியை ஒருமுறை கேட்டேன். குடிகாரத் தகப்பன், கை ஓங்கும் தாய் என்று அடுக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் உண்டு என்றாள். ஆனால் அவள் அதிகம் பார்ப்பது வேறாம். தாய் பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள், தகப்பன் ஆலையில் இருப்பான், வீட்டில் மூன்றாவது மனுஷர் கிடையாது. அவ்வளவுதான் காரணம் என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வந்தது. காஞ்சிபுரத்தில், எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் அவள் மூத்த பிள்ளையை அன்று யார் வீட்டில் தேடுவது என்பதுதான் கஷ்டமே தவிர, அதற்குச் சோறு கிடைக்குமா என்பது இல்லை.

கர்வப்பட்ட வாயால் பட்டம்மாவையும் சொல்லத்தான் வேண்டும். என்னோடு மூன்றாம் வகுப்பு படித்தாள். அவள் அம்மாவைக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அடுத்த தெருவில் இருந்த சித்தப்பா வந்து அழைத்துப் போனார். கோர்ட்டும் இல்லை, காகிதமும் இல்லை. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. விடிந்தது முதல் அந்த வீட்டுத் தறிக்கு ராட்டையில் நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். முன்னங்கையில் கரண்டியால் போட்ட சூடு இருந்தது. நான் பார்த்தேன், என் அம்மா பார்த்தாள், தெருவே பார்த்தது. அவர்கள் பிள்ளை, அவர்கள் பாடு என்று இருந்துவிட்டோம். யாரும் போய்க் கதவைத் தட்டிக் கேட்கவில்லை. அதனால்தான் கையில் பைலோடு கதவைத் தட்டும் இந்த ஊர்க்காரர்களை என்னால் மனசாரத் திட்ட முடியவில்லை.

3

ருக்கு ஒரு செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், இரண்டு அறையில் குடியிருந்தாள். புருஷன் தண்டபாணி கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்துவிட்டு இங்கே கரை இறங்கியவர், இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. நான் மிஸ் ஹார்ட்லியோடு போனபோது நாற்காலி இருந்தும் ருக்கு தரையில் உட்கார்ந்திருந்தாள். என் நர்ஸ் உடுப்பைப் பார்த்து எழுந்து நின்றாள்.

“கொயந்தய இட்டுக்கினு போய்ட்டாங்க சிஸ்டரம்மா. நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டு சொல்லுங்க.”

அந்த ‘இட்டுக்கினு’வைக் கேட்டதும் ஊர் தெரிந்துவிட்டது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து முசரவாக்கம் என்றாள், தறிக்காரர் வீட்டுப் பெண். நான் பிள்ளையார்பாளையம் என்றேன். அதிலிருந்து சிஸ்டரம்மா போய் அக்கா ஆகிவிட்டேன்.

நடந்தது இதுதான். ருக்கு வீட்டிலேயே மிஷினில் தலையணை உறை தைத்துக் கொடுப்பாள். குளிருக்கு அறையில் மண்ணெண்ணெய்க் கணப்பு ஒன்று எரியும். மகள் அலமேலுவுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. ஓடுகிற வயசு, கணப்புதான் அவளுக்குப் பிடித்த சாமான். அதனால் ருக்கு ஒரு பழைய சேலையைக் கிழித்து, ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பிலும் மறுமுனையைத் தான் தைக்கும் மேஜையின் காலிலும் கட்டிவைப்பாள். அன்றைக்கு, வீடு வீடாகப் போய்ச் சின்னக் குழந்தைகளைப் பார்த்து வரும் நர்ஸ் ஒருத்தி கீழே கதவைத் தட்டியிருக்கிறாள். ருக்கு இரண்டு மாடி இறங்கிப் போய்த் திறந்து, அவளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். வந்தவள் கண்ணில் பட்டது, யாரும் இல்லாத அறையில், கன்றுக்குட்டி மாதிரி கட்டிப்போட்ட ஒரு குழந்தை.

அலமேலு அழவில்லை. காலி நூல்கண்டுகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. ‘குழந்தை கட்டுக்குப் பழகிவிட்டிருக்கிறது’ என்று அந்த நர்ஸ் எழுதினாள். மறுநாள் உத்தரவோடு வந்து அலமேலுவை அழைத்துப் போய்விட்டார்கள்.

மிஸ் ஹார்ட்லி என் வழியாகக் கேள்வி கேட்டாள். குழந்தையை அப்படிக் கட்டிவைத்துவிட்டு எப்போதாவது வெளியே போனதுண்டா? ருக்கு மறைக்கவில்லை.

“பாலுக்கு ஒரு தபா போனேன்க்கா. பத்து நிமிசம். மழ பேஞ்சிக்கினு இருந்தது, அவள நனைக்க வேணாம்னுதான்.”

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அதை நீ முழுங்கியிருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் பிறகு கேட்டார். முழுங்கியிருக்க முடியாது. அடுத்தவள் வார்த்தையைச் சுமந்து போகிறவள் நடுவழியில் அவிழ்த்துக் கொறிக்கக் கூடாது.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் யோக்கியம். மிஸ் ஹார்ட்லி பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு உத்தியோகஸ்தர்கள் பேசிக்கொள்கிற தோரணையில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: உங்கள் பக்கத்தில் இது வழக்கந்தானா?

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் என் தகப்பனார் பட்டு வியாபாரி என்று சொல்லி வைத்திருந்தேன். முழுப் பொய் இல்லை. அவர் நெய்த சேலையைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுவார். கடைக்குப் போகிறவரைக் கடைக்காரர் ஆக்கியது மட்டும் என் கைவேலை. வந்த புதிதில் சொன்னது, அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பட்டு வியாபாரியின் மகள்தான் மிஸ் ஹார்ட்லிக்குப் பதில் சொன்னாள்.

“படிப்பில்லாத ஜனங்களிடம் உண்டு. எங்கள் வீடுகளில் கிடையாது.”

ருக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்கிறார்கள் என்றாள். ஊரைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

4

எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, ஒன்றில் அம்மா. குழித்தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கீழே இடுப்பளவு ஆழக் குழியில் காலை விட்டு மிதிக்க வேண்டும். நெய்கிறவர் உட்கார்ந்திருக்கும் வரை அது தறி. தண்ணீர் குடிக்க எழுந்தால் வெறும் குழி. எதிர்வீட்டுக் குழந்தை ஒன்று அப்படி விழுந்து கை ஒடிந்து, அது கோணலாகவே கூடிக்கொண்டது.

அதனால் தவழுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் கூடத்துத் தூணில் ஒரு சேலைக் கிழிசல் தொங்கும். அதற்கு அளவு உண்டு. அம்மா ஒரு முனையைத் தூணில் பிடித்து, மறுமுனையைக் குழியின் விளிம்பு வரை இழுத்து, பிள்ளை கையை நீட்டினாலும் விளிம்பைத் தொடாதபடி ஒரு சாண் குறைத்துக் கிழிப்பாள். நாள் முழுக்கப் பட்டு நெய்கிறவள் பிள்ளையைப் பட்டால் கட்டமாட்டாள். பட்டு வழுக்கும், இடுப்பை அறுக்கும். நைந்த பருத்திச் சேலைதான். முடிச்சு முதுகுப் பக்கம், பிள்ளையின் விரல் எட்டாத இடத்தில், உள்ளே இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சியோடு.

அந்தக் கிழிசலில் முதலில் நான் இருந்தேன். பிறகு சரசு, நீயும்தான். தம்பி சேகரைக் கட்டியது பாதி நாள் நானே. அளவு பார்க்க எனக்கு ஒன்பது வயதில் தெரியும்.

இதெல்லாம் தெரிந்துதான் மிஸ் ஹார்ட்லியிடம் ‘எங்கள் வீடுகளில் கிடையாது’ என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது ருக்கு.

5

மூன்று வாரம் கழித்து, அடுத்த விசாரணைக்காக இலாகா கோர்ட்டுக்குக் கொடுத்த அறிக்கையின் நகல் ருக்குவுக்குத் தபாலில் வந்தது. படித்துச் சொல்லச் சொல்லி என் வீட்டுக்கு எடுத்து வந்தாள். நான்கு பக்கம். குழந்தையின் எடை, அறையின் அளவு, கணப்புக்கும் மேஜைக்கும் உள்ள தூரம் எல்லாம் இருந்தது. எடை குறைவில்லை, உடம்பில் காயமில்லை என்று ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில், பிள்ளையை இப்போது ஏன் திருப்பி அனுப்ப முடியாது என்பதற்குக் காரணம் போட்டிருந்தது.

பாலுக்குப் போன பத்து நிமிஷம் ஒரு காரணம். இரண்டாவதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘பிள்ளையைக் கட்டிவைப்பது இந்தத் தாய் பிறந்த கல்வியற்ற வகுப்பாரின் வழக்கம் என்று, அதே பகுதியைச் சேர்ந்த, நன்கு படித்த ஒருவர் உறுதி செய்கிறார். ஆகவே தாயிடம் விரைவில் மாற்றத்தை எதிர்பார்ப்பதற்கில்லை.’

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தால் இந்த ஜன்மத்தில் அவளுக்குத் தெரிந்திருக்காது. தாண்டத்தான் நினைத்தேன். கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது, வாய் போகவில்லை. அப்படியே தமிழில் படித்துவிட்டேன்.

“யாருக்கா அந்தப் படிச்சவங்க?”

“நான்தாம்மா.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் தேவலை என்றும் நினைத்தேன். சேலையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள்.

“உங்க அம்மா உங்கள கட்டலையா?”

“கட்டுனாங்க.”

“அப்ப அத்த சொல்லுங்க.”

அக்கா என்ற வார்த்தை அன்று அதற்குப் பிறகு வரவில்லை. டீ போட்டு வைத்திருந்தேன், குடிக்காமல் போனாள். எனக்கு அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

6

மறுநாளே மிஸ் ஹார்ட்லியிடம் போய், நான் சொன்னது பொய், கோர்ட்டில் திருத்திச் சொல்கிறேன் என்றேன். அவள் கோபிக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் எதற்கும் ஒரு விதி இருக்கும். சாட்சி சொல்கிறவர் மொழிபெயர்க்கக் கூடாது. நான் சாட்சி என்றால் ருக்குவுக்கு வேறு ஆள் வேண்டும். லண்டனிலிருந்து ஒருவரை வரவழைக்க வேண்டும், அவருக்குத் தேதி ஒத்துவர வேண்டும். அதற்காக விசாரணை தள்ளிப் போயிற்று, மறுபடியும் தள்ளிப் போயிற்று. நான் பொய் சொல்ல ஒரு நிமிஷம் ஆனது. அதைத் திருத்தியதில் அலமேலு மேலும் நான்கு மாதம் வேறு வீட்டில் இருந்தாள்.

நடுவில் சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம், இலாகா அலுவலகத்தில் குழந்தையைப் பார்க்கலாம். பஸ் எண் தெரியாது என்று ருக்கு என்னையும் வரச் சொல்வாள். பேசமாட்டாள், வரச் சொல்வாள். வளர்ப்புத் தாய் திருமதி பார்க்கர் குழந்தையை நடத்திக்கொண்டு வருவாள். மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவள், நல்ல மனுஷி. அலமேலு என்று வாயில் நுழையாமல் எல்லி என்று கூப்பிடுவாள். முதல் சனிக்கிழமை அவர்கள் உள்ளே வந்தபோது, அலமேலுவின் மார்பில் சிவப்புத் தோல்வார் பூட்டியிருந்தது, முன்னால் ஒரு முயல் படம். வாரின் நீளமான மறுமுனை திருமதி பார்க்கரின் கையில்.

இங்கே பாதிப் பிள்ளைகளை இப்படித்தான் தெருவில் நடத்துவார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குப் படவே இல்லை. ருக்குவுக்கு ஒரு நிமிஷத்தில் பட்டது.

“இது இன்னாது?”

“ரோட்டுல ஓடிடாம இருக்க.”

“இதுவும் கட்டுறதுதான?”

கோர்ட் என்றால் நம் ஊர்க் கோர்ட் மாதிரி கூண்டெல்லாம் இல்லை. ஒரு நீள மேஜை, பின்னால் மூன்று பேர், நடுவில் தலை நரைத்த ஓர் அம்மாள். லண்டனிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். அவருடைய தமிழ் ருக்குவுக்கும், ருக்குவின் தமிழ் அவருக்கும் பாதி பாதிதான் போய்ச் சேர்ந்தது. ‘இட்டுக்கினு’ வரும்போதெல்லாம் அவர் என்னைப் பார்ப்பார். நான் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

என் முறை வந்தபோது, என் தகப்பனார் தறி நெய்கிறவர், என் தாயும் தறி நெய்கிறவள், என்னை இரண்டரை வயது வரை தூணில் கட்டித்தான் வளர்த்தாள் என்றேன். முதலில் ஏன் வேறு மாதிரி சொன்னீர்கள் என்று கேட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னேன் என்றேன். அடுத்த வாரம் வார்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்திகூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் தகப்பனார் வியாபாரியா நெசவாளியா என்று அங்கே ஒருவருக்கும் ஒரு கவலையும் இருந்ததில்லை.

அந்தச் சேலைக் கிழிசல் ஒரு காகித உறையில், நம்பர் போட்டு, மேஜை மேல் இருந்தது. அதை எடுத்து அளக்க முடியுமா என்று கேட்டேன். அனுமதித்தார்கள். பைலிலேயே கணப்புக்கும் மேஜைக் காலுக்கும் உள்ள தூரம் எழுதியிருந்ததே. இடுப்பிலும் மேஜைக் காலிலும் சுற்றும் நீளம் போக, குழந்தை கையை நீட்டினாலும் கணப்புக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். அப்படி அளந்து கிழித்திருந்தாள். ருக்குவுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. முசரவாக்கத்தில் குழி இருந்த இடத்தில் இங்கே நெருப்பு இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு தோல்வாரைப் பற்றியும் சொன்னேன். இலாகாவின் வக்கீல் எழுந்து, வித்தியாசம் இருக்கிறது அம்மா, அந்த வாரின் மறுமுனை ஒரு மனுஷர் கையில் இருக்கிறது என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ருக்கு அந்த மேஜையில் உட்கார்ந்து தைக்கும் வரை மறுமுனை அவளிடம்தான் இருந்தது என்றேன். பாலுக்குப் போன பத்து நிமிஷம் இல்லை, அது தப்புதான் என்றும் சொன்னேன். நரைத்த அம்மாள் அதை எழுதிக்கொண்டாள். பிறகு ருக்குவிடம் கேட்டாள், குழந்தையைத் திருப்பித் தந்தால், அடுத்த தடவை பால் தீர்ந்துபோனால் என்ன செய்வாய்?

“பால் இல்லாம இருப்பேன். அவள வுட்டுட்டுப் போவமாட்டேன்.”

அதை யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்.

திருப்பித் தரலாம் என்று உத்தரவாயிற்று. ஆனால் உடனே இல்லை. கணப்புக்குச் சுற்றிலும் கம்பி வலை போட வேண்டும், இலாகா இரவல் தரும் மரக்கூண்டுக்குள் குழந்தையை விளையாட விட வேண்டும், மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். கிழிசல் போய்க் கூண்டு வந்தது. அதற்கும் ருக்கு சரி என்றாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, “குளுருதுக்கா” என்றாள். என் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன், வேண்டாம் என்று சொல்லாமல் போட்டுக்கொண்டாள்.

7

வலையும் கூண்டும் வந்து, ஆள் வந்து பார்த்து, கையெழுத்தாகி, அலமேலு வீட்டுக்கு வந்தபோது அவள் போய்ப் பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று வயது தாண்டிவிட்டாள். கூண்டுக்குள் போடுகிற வயசே போய்விட்டது.

திருமதி பார்க்கரும் மிஸ் ஹார்ட்லியும் கொண்டுவந்து விட்டார்கள். திருமதி பார்க்கர் மாடி ஏறி வரவில்லை. காரிலேயே உட்கார்ந்து கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காகிதம் மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். அதை நான் ருக்குவுக்குப் படித்துக் காட்டினேன். ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட வேண்டும். விளக்கை அணைத்தால் அழுவாள். கீரை பிடிக்காது. இடது காதில் சீழ் வந்தது, இப்போது சரியாகிவிட்டது. ருக்கு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். காதுச் சங்கதியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள்.

கார் போய்விட்டது. தண்டபாணி ஆலையில் லீவு கேட்டுக் கிடைக்காமல் போயிருந்தார். அறையில் நாங்கள் மூன்று பேர். ருக்கு காலையிலிருந்து சமைத்து வைத்திருந்தாள். பருப்பு, உருளைக்கிழங்கு, நெய் விட்டுப் பிசைந்த சோறு. கீழே பாய் விரித்துத் தட்டு வைத்தாள்.

அலமேலு கதவுக்குப் பக்கத்தில், நீலக் கோட்டின் பொத்தான் எல்லாம் போட்டபடி நின்றாள். ருக்கு கையை நீட்டிக் கூப்பிட்டாள். கண்ணு என்றாள், அலமேலு என்றாள், வா, வந்து உக்காரு என்றாள். குழந்தை அவள் முகத்தை மரியாதையாகப் பார்த்தது. போகும்போது பத்துப் பன்னிரண்டு தமிழ் வார்த்தை தெரிந்திருந்தது, அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் விளையாட்டுக் காட்டிய ஏதோ ஓர் அம்மாள் என்ற அளவில்தான் அவளுக்கு ருக்குவைத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள். இங்கிலீஷ் பேசுகிறவள் நான் ஒருத்திதானே. திருமதி பார்க்கர் பழக்கியபடி, தயவுசெய்து என்ற வார்த்தையும் சேர்த்து, மெதுவாக ஒன்று கேட்டாள்.

“இன்னா சொல்றா?” என்றாள் ருக்கு.

தண்ணீர் கேட்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். தூக்கம் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு ஏழெட்டுப் பொய் கிடைத்தது.

“வூட்டுக்கு எப்ப போலாம்னு கேக்குறா.”

ருக்கு தட்டில் இருந்த சோற்றை விரலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுக்கினாள். சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

“சாப்ட்டுட்டுப் போலாம்னு சொல்லுக்கா.”

சொன்னேன். அலமேலு யோசித்தாள். பிறகு கோட்டைக் கழற்றாமலே வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.